சனிக்கிழமையை விட்டுவிடுங்கள்

ஒன்ராறியோவில் பனிச்சறுக்குக் காலம் குறுகியது. ஆண்டு நன்றாக அமைந்தால் டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை இழுக்கும். அமையாவிட்டால் கிறிஸ்மஸ் வாரத்து மழை எல்லாவற்றையும் கரைத்துவிடும். மார்ச் முடிவதற்குள் சரிவின் நடுவில் புல் தலைகாட்டும். சனிக்கிழமைகளை எண்ணினால் பதினைந்து, பதினாறு தேறும். தமிழ் வீட்டில் அவற்றுள் எத்தனை மிஞ்சும்? காலையில் தமிழ் வகுப்பு, மதியம் மிருதங்கமோ பரதமோ, மாலையில் யாருடையதாவது கலியாண வரவேற்பு. ஜனவரி இன்னும் மோசம். ஒன்ராறியோ 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த மாதத்து வார இறுதிகளில் பொங்கல் விழா இல்லாத மண்டபத்தைக் காண்பது அரிது. பனி மிகத் தரமாக இருக்கும் மாதமும் அதுதான்.

முந்தைய அத்தியாயங்களைப் படித்து ஸ்கீ கற்றுக்கொண்டவர்களில் பலர் ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடவையோடு நின்றுவிடுவது இதனால்தான். போன தடவை படித்ததை மறந்த பிறகே அடுத்த தடவை வருகிறது. பிள்ளை மறுபடியும் பயப்படுகிறது, அப்பா மறுபடியும் விழுகிறார், போன காசுக்கு இது தேவைதானா என்று அம்மா கேட்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை பெரிய மலை அல்ல, நீண்ட பயணமும் அல்ல. ஸ்கீ என்றால் ஒரு முழு நாள் என்ற நினைப்பைக் கைவிடுவதுதான்.

ஒரு கணக்கு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்காபரோவிலிருந்து கிளம்புகிறீர்கள். 401 தாண்டி, 400இல் வடக்கே போய், கொலிங்வுட் பக்கத்திலுள்ள புளூ மவுண்டனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். வாகனத் தரிப்பிடத்தில் இடம் தேடி, வாடகைச் சாமான் வரிசையில் நின்று, பிள்ளைகளுக்கு பூற்ஸ் மாட்டி முடிக்கும்போது பதினொரு மணி. அதன்பின் லிஃப்ற் வரிசை இருபது நிமிடம், மேலே போக ஐந்து, கீழே வர மூன்று. ஒரு சுற்றுக்கு இருபத்தெட்டு நிமிடம். சாப்பாடும் கழிப்பறையும் போக நான்கு மணி நேரம் மிஞ்சினால் எட்டு, ஒன்பது தடவை இறங்கலாம். வீடு திரும்பும்போது இருட்டிவிடும்.

வியாழன் இரவைப் பாருங்கள். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஒரு சிறிய மலை. ஏழு மணிக்கு லிஃப்றில் ஏறுகிறீர்கள். வரிசை இரண்டு நிமிடம், ஏற்றம் நான்கு, இறக்கம் ஒன்றரை. ஒன்பது மணிக்குள் பதினைந்து தடவை. பத்து மணிக்குக் கட்டிலில் இருக்கலாம்.

மொத்த இறக்கத்தை மீற்றரில் அளந்தால் சனிக்கிழமைதான் வெல்லும். புளூ மவுண்டனின் உயரம் 219 மீற்றர், ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள மலைகள் அதில் பாதிகூட இல்லை. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு உயரத்தைவிடத் தடவைதான் முக்கியம். பதினைந்து முறை தொடங்கி, பதினைந்து முறை நிறுத்தி, லிஃப்றிலிருந்து பதினைந்து முறை விழாமல் இறங்கியவருக்கு அது காலில் பதிந்துவிடும். அடுத்த வியாழனும் அதையே செய்ய முடியும் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். சனிக்கிழமைப் பயணத்தை அடுத்த வாரமும் செய்ய யாருக்கு உடம்பும் மனமும் இருக்கிறது?

பக்கத்திலுள்ள மலைகள்

டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆகவே இங்குள்ள மலைகள் நெடுங்காலமாகவே விளக்குப் போட்டு இரவில் நடத்திப் பழகியவை. மேற்கு அமெரிக்காவின் மாபெரும் மலைகள் பல நான்கு மணிக்கு லிஃப்றை நிறுத்திவிடும். நம்முடைய குட்டி மலைகளுக்கு அந்த விதத்தில் ஒரு பெருமை உண்டு.

ஸ்காபரோ, பிக்கறிங், ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அக்ஸ்பிறிஜ் அருகே லேக்றிட்ஜ் இருக்கிறது. இன்னும் கிழக்கே ஒரோனோ பக்கத்தில் பிறிமாகோம். ஒஷாவா ஸ்கீ கிளப் நடத்துவது, இலாப நோக்கமில்லாதது, கூட்டமும் சற்றுக் குறைவு. இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அண்மையில் ஒரு நல்லது நடந்தது: 407இல் பிக்கறிங் புரொக் வீதிக்குக் கிழக்கேயுள்ள பகுதிக்கு 2025 ஜூன் முதல் கட்டணம் இல்லை. 412, 418 இரண்டுக்கும் 2022இலேயே எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்து 401 நெரிசலில் நிற்காமல் கிழக்கே போகலாம். மேற்கே மிசிசாகா, பிறம்ரன்காரர்களுக்கு மில்ரனில் கிளென் ஈடன். வடக்கே நியூமார்க்கற் தாண்டிக் குடியிருப்பவர்களுக்கு பரி நகருக்கு அருகே ஸ்னோ வலியும் ஹோர்ஸ்ஷூவும் வேலைநாள் இரவுக்கு எட்டும் தூரம்.

நகரத்துக்குள்ளேயே இரண்டு உண்டு. பதேர்ஸ்ற், ஷெப்பேர்ட் அருகே ஏர்ல் பேல்ஸ் பூங்கா. எற்றோபிக்கோவில் சென்ரெனியல் பூங்கா. இரண்டையும் மாநகராட்சியே நடத்துகிறது. சென்ரெனியல் மேடு பழைய குப்பை நிரப்பிடத்தின் மேல் எழுந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இவற்றை மலை என்று சொல்வது கொஞ்சம் தாராளம்தான். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் இருக்கிறவர்களுக்குப் போதும். ஏர்ல் பேல்ஸுக்கு பஸ்ஸிலேயே போகலாம்.

பாஸ் எதற்கு

சீசன் பாஸ் வாங்குவதா, ஒவ்வொரு தடவையும் ரிக்கற் எடுப்பதா என்று கேட்பவர்கள் உடனே வகுத்தல் கணக்குக்குப் போவார்கள். பாஸின் விலையை ஒரு நாள் ரிக்கற் விலையால் வகுத்தால் எத்தனை தடவைக்குள் காசு திரும்பும் என்று தெரியும். அது சரியான கணக்குத்தான், ஆனால் பாதிக் கணக்கு. ரிக்கற் எடுத்தவர் அந்தக் காசைக் கறந்துவிடப் பார்ப்பார். கால் நடுங்கினாலும் போகமாட்டார். பிள்ளை அழுதாலும் "இன்னும் ஒரு தடவை" என்பார். அப்படி முடிந்த நாளுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு யாரும் ஸ்கீ என்ற பேச்சை எடுப்பதில்லை. பாஸ் இருப்பவர் முக்கால் மணி நேரம் சறுக்கிவிட்டு, குளிர்கிறது என்று திரும்பி வரலாம். கூடுதல் நாட்களைத் தருவது அந்தச் சுதந்திரம்.

எல்லா நாளுக்குமான பாஸ் பலருக்குத் தேவையில்லை. பெரும்பாலான மலைகளில் இரவுக்கு மட்டும், அல்லது வேலைநாளுக்கு மட்டும் என்று மலிவான பாஸ் இருக்கும். சனிக்கிழமையை விடத் தீர்மானித்தவருக்கு அதுவே பொருத்தம். விலை மிகக் குறைவாக இருப்பது முந்தைய சீசன் முடிகிற வசந்தத்தில். கோடை, இலையுதிர் காலம் என்று படிப்படியாக ஏறும். பனி விழுந்த பிறகு வாங்குவதுதான் மிக விலை கூடியது. புளூ மவுண்டனுக்கும் கியூபெக்கின் மோன் ட்றொம்பிளானுக்கும் உறுதியாகப் போகிறவர்கள் இரண்டும் அடங்கிய ஐகொன் பாஸைப் பார்க்கலாம். ஆண்டுக்கொரு தடவை ஒருவேளை போகலாம் என்று நினைப்பவர்கள் அதைத் தொடவேண்டாம்.

வீட்டில் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அக்டோபரிலேயே கனடிய ஸ்கீ கவுன்சிலின் ஸ்னோபாஸுக்கு விண்ணப்பியுங்கள். சிறிய கட்டணம்தான். அதில் சேர்ந்துள்ள ஒவ்வொரு மலையிலும் மூன்று தடவை லிஃப்ற் ரிக்கற் கிடைக்கும். கவனிக்கவேண்டியது "ஒவ்வொரு" என்பதை: ஐந்து மலைக்குப் போனால் பதினைந்து நாள். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே உங்கள் பாஸ் உள்ள மலையில் அந்த மூன்றையும் முதலில் தீர்த்துவிட்டு, பின்னர் மற்றவற்றுக்குப் போவது சிக்கனம்.

கதவடியில் ஒரு பை

வியாழன் இரவுத் திட்டம் தோற்பது மலையில் அல்ல, வீட்டு வாசலில். ஒரு கையுறையைக் காணவில்லை, கண்ணாடி பேஸ்மென்ரில், பெரியவனுடைய காலுறை ஈரம். தேடி எடுக்க அரை மணி நேரம் போனால் "இனி எங்க போறது" என்ற குரல் தானாக எழும். ஆகவே ஆளுக்கொரு பை. தலைக்கவசம், கண்ணாடி, இரண்டு சோடி கையுறை, கழுத்துறை, காலுறை எல்லாம் அதிலேயே குடியிருக்கவேண்டும். வந்ததும் ஈரமானதை எடுத்துக் காயவைத்து, காய்ந்ததும் அதே பையில் திரும்பப் போடவேண்டும். உள்ளாடை அடுக்கை அலுவலகத்துக்கே போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கவேண்டாம், அவர்கள்தான் ஆறரைக்கே லிஃப்றில் இருப்பார்கள்.

வாடகைச் சாமானை ஒவ்வொரு தடவையும் மலையில் எடுப்பவருக்கு இரவு ஸ்கீ கட்டாது. இரண்டு மணி நேரத்தில் அரை மணி வரிசைக்கே போய்விடும். வளரும் பிள்ளைகளுக்கு முழு சீசன் வாடகை எடுங்கள். செப்டெம்பர், அக்டோபரிலேயே கடைகளில் அளவெடுத்துத் தருவார்கள். வசந்தத்தில் திருப்பிக் கொடுத்தால் போதும். பெரியவர்கள் முதலில் வாங்கவேண்டியது பூற்ஸ். ஸ்கீயை இன்னும் ஓராண்டு வாடகைக்கு எடுத்தாலும் பரவாயில்லை. காலுக்குப் பொருந்தாத பூற்ஸ் ஒருவரை வீட்டிலேயே இருத்திவிடும்.

அந்த பூற்ஸைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதீர்கள். குளிரில் பிளாஸ்ரிக் விறைத்து, கால் உள்ளே போகாது. போனாலும் முதல் அரை மணி நேரம் விரல்கள் மரத்துக் கிடக்கும். வீட்டுக்குள் வைத்து, உள்ளுறையைக் கழற்றிக் காயவிட்டு, போகும்போது காரில் பயணிகள் பக்கம் சூடுபடும் இடத்தில் வையுங்கள். இரவுக்குக் கறுப்புக் கண்ணாடி உதவாது. நிறமற்றதோ மஞ்சளோ வேண்டும். இதைத் தெரியாமல் கட்டிப்பனியைக் காணாமல் விழுபவர்கள் ஏராளம்.

கட்டிப்பனி இங்கே ஊர் வழக்கம். செயற்கைப் பனி மணல்போலச் சொரசொரப்பானது, மெழுகை விரைவில் தின்றுவிடும், இரும்பு விளிம்பை மழுங்கச் செய்யும். வாரம் ஒரு தடவை போகிறவர் மாதத்துக்கு ஒரு தடவையாவது விளிம்பைத் தீட்டி மெழுகு போடவேண்டும். மழுங்கிய விளிம்போடு கட்டிப்பனியில் இறங்கிவிட்டு "எனக்கு ஸ்கீ வராது" என்று முடிவுகட்டுவது பாவம்.

சாப்பாடு காரிலேயே முடியவேண்டும். மலைச் சாப்பாட்டுச்சாலை வரிசையில் பொரித்த உருளைக்கிழங்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூன்று தடவை இறங்கியிருக்கலாம். போகிற வழியில் இரண்டு மட்டன் ரோல்ஸ், ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர். திரும்பும்போது பிள்ளைகள் வீதியின் முதல் வளைவிலேயே நித்திரையாகிவிடுவார்கள்.

வானத்தைப் படிப்பது

எந்த இரவு போவது என்பதைக் காலநிலை அறிக்கைதான் சொல்லவேண்டும். ஆனால் அதில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்கவேண்டும். பனி விழுமா என்று பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மலைகள் நிற்பது இயற்கைப் பனியில் அல்ல, பனித் துப்பாக்கி தூவும் பனியில். அது வேலை செய்ய வெறும் குளிர் போதாது, காற்றில் ஈரம் குறைவாகவும் இருக்கவேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற ஒரு கணக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லும். அது −2 பாகைக்குக் கீழே இறங்கினால் துப்பாக்கிகள் ஓடத் தொடங்கும், −6, −7 என்றால் நன்றாக ஓடும். வறண்ட காற்றாக இருந்தால் வெப்பமானி 0 காட்டும்போதும் பனி செய்யலாம். புகார் மூடிய ஈரக்காற்று என்றால் −1இலும் முடியாது.

இதை அறிந்தவர் திட்டமிடுவது இப்படி. மழை பெய்து உடனே உறைந்த மறுநாள் போகவேண்டாம். சரிவு முழுக்கக் கண்ணாடி. இரண்டு இரவு நல்ல குளிர் அடித்து, துப்பாக்கிகள் ஓடி, இயந்திரம் எல்லாவற்றையும் உழுது சமப்படுத்திய பிறகு போங்கள். அந்த மூன்றாம் நாள் மாலை நகரத்தில் ஒரு துளி பனியும் இருக்காது. புல் வெளியில் தெரியும். அயல்வீட்டார் நீங்கள் ஸ்கீயைக் காரில் ஏற்றுவதைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். மலையில் கூட்டமே இருக்காது. வீட்டு முற்றத்தில் பனி இருந்தால்தான் ஸ்கீ நினைவு வருபவர்கள்தான் பெரும்பான்மை, அது உங்களுக்கு நல்லது.

கொலிங்வுட் பக்கம் கதை வேறு. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று உறையாத ஜோர்ஜியன் விரிகுடாவின் மேலாக வரும்போது ஈரத்தை அள்ளிவந்து கரையில் கொட்டும். ரொறன்ரோவில் வெயிலடிக்கும் நாளில் அங்கே ஒரு முழம் விழுந்திருக்கலாம். அதே பனிதான் வீதியையும் மூடும். கிளம்புமுன் மாகாணத்தின் 511 சேவையில் வீதி நிலையைப் பார்க்காமல் போகாதீர்கள். குளிர்கால ரயர் ஒன்ராறியோவில் கட்டாயமில்லைத்தான்; ஆனால் இரவில், பனியில், பிள்ளைகளோடு ஓடப்போகிறவருக்கு அது தெரிவு அல்ல. 2016 முதல் ஒன்ராறியோவின் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கட்டணக் கழிவு தரவேண்டும். கேட்காதவர்களுக்கு அது கிடைக்காமல் போவதும் உண்டு.

குளிருக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் குளிர் −28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. லிஃப்றில் இருப்பது காற்றின் முகத்தில் இருப்பது. பிள்ளைகளோடு என்றால் அந்த இரவை விடுங்கள். "இஞ்சருங்கோ, இந்தக் குளிருக்குள்ள போகத்தான் வேணுமே?" என்று வீட்டில் கேட்டால், அன்றைக்கு மட்டும் அவர் சொல்வதுதான் சரி.

நாட்காட்டியின் ஓட்டைகள்

தவிர்க்கவேண்டியவை எல்லோருக்கும் தெரியும்: கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம், பெப்ரவரி மூன்றாம் திங்களில் வரும் குடும்ப தினத்தை ஒட்டிய மூன்று நாள், மார்ச் விடுமுறை. அவற்றின் அடுத்த பக்கம்தான் தங்கம். பாடசாலை திறந்த ஜனவரி இரண்டாம் வாரம். மார்ச் விடுமுறைக்கு அடுத்த வாரம். எல்லோரும் ஸ்கீயை மடித்து வைத்துவிடுவார்கள், மலை இன்னும் திறந்திருக்கும். சூப்பர் போல் நடக்கும் ஞாயிறு மாலை. உதைபந்து என்று அமெரிக்கர் சொல்வதில் ஆர்வமில்லாத குடும்பத்துக்கு மலையே சொந்தம்.

வேலைநாள் பகலில் போக வாய்த்தவர்கள், பாடசாலை பஸ்கள் பத்து மணியளவில் வந்து இரண்டு மணிக்கு முன்பின்னாகக் கிளம்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன்னரும் பின்னரும் அமைதி. மாறுநேர வேலை செய்யும் தொழிற்சாலை ஊழியர்களும் தாதியரும் இந்த விஷயத்தில் அலுவலகத்துக்காரரைவிட அதிர்ஷ்டசாலிகள். செவ்வாய் விடுப்பை யாரும் பொறாமைப்பட்டுப் பறிப்பதில்லை. அலுவலகத்துக்காரர் ஒரு நாள் விடுமுறையை இரண்டு அரைநாளாக வெட்டி எடுத்தால், மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி நெரிசலுக்கு முன் மலையில் இருக்கலாம்.

கூட்டாளி தேடுவதில் ஒரு உத்தி. வாட்ஸ்அப் குழுவில் "இந்தக் கிழமை யார் வாறீங்கள்?" என்று கேட்டால் முப்பது செய்தி வரும், ஆள் வராது. "வியாழன் ஆறு மணிக்குக் கிளம்புறன், காரில மூண்டு இடம் இருக்கு" என்று போடுங்கள். ஒருவரும் வராவிட்டாலும் நீங்கள் கிளம்புங்கள். இரண்டு வாரத்தில் இடம் போதாமல் போகும்.

ட்றொம்பிளானுக்கு ஆண்டுக்கொரு பயணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 645 மீற்றர் இறக்கம், ஆறு மணி நேர ஓட்டம், இரண்டு இரவு விடுதி. ஆனால் அதை பெப்ரவரி பிற்பகுதிக்கு வையுங்கள். எட்டு, பத்து வியாழன் பழகிய கால்களோடு போகிறவருக்கும் டிசம்பரில் நேரே போய் இறங்குகிறவருக்கும் கிடைப்பது ஒரே மலை அல்ல.

மார்ச் முடிவில்

சீசனின் கடைசி மூன்று வாரத்தில் இதுவரை சொன்னது தலைகீழாகும். இரவு வேண்டாம். பகலில் இளகிய பனி மாலையில் கரடுமுரடாக உறையும். விளக்கொளியில் அதில் இறங்குவது கணுக்காலுக்குக் கேடு. காலையில், வெயில் மேற்பரப்பை ஒரு அங்குலம் இளக்கிய பிறகு, பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையே போங்கள். கிழக்கு நோக்கிய சரிவில் தொடங்கி, அது குழைந்ததும் வடக்கு நோக்கியதற்கு மாறுங்கள். ஒரு மணிக்குப் பிறகு பனி கஞ்சியாகி ஸ்கீயைப் பிடித்து இழுக்கும், முழங்கால் திருகும், அப்போது நிறுத்துங்கள். அந்த வாரங்களில் தமிழ் வகுப்பு முடிந்து போனால் நேரம் தப்பிவிடும் என்பதால் ஞாயிறுதான் தோது.

அடுத்த ஆண்டுக்கான பாஸ் விற்பனையும் அப்போதுதான் தொடங்கும். அதை அப்போதே வாங்குபவர்களுக்குச் சில மலைகள் நடப்பு சீசனின் மிச்ச நாட்களையும் சேர்த்தே தந்துவிடும். எந்த மலை தருகிறது, எந்தத் தேதி முதல் என்று பெப்ரவரி கடைசியிலேயே தொலைபேசியில் கேட்டு வையுங்கள்.